தொட்டில் வாங்கினா பாட்டியும் கூடவே வருவாங்களா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்றது என் பொழப்பு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் "இது எப்படி உடையும்?"னு யோசிக்கிற வியாதி அதுல இருந்து வந்ததுதான். ரெண்டு பிள்ளை பெத்த அனுபவமும் கொஞ்சம் படிச்சதும்தான் என் மூலதனம். உங்க குழந்தை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க. இது ஒரு அம்மாவோட கருத்து, அவ்வளவுதான்.

வயித்துல ஒரு உயிர் இருக்குன்னு ஊருக்குச் சொன்ன மறுநாளே ரெண்டு லிஸ்ட் வந்துடும். ஒண்ணு இங்கே கடைக்காரங்க குடுக்கிறது. கிரிப், அதுக்கு மெத்தை, மெத்தையைச் சுத்தி வைக்க பஞ்சுத் திண்டு, டயபர் மாத்த ஒரு மேஜை, டயபர் போட தனியா ஒரு குப்பைத்தொட்டி, ஈரத் துணியைச் சூடு பண்ண ஒரு மெஷின் (நிஜமாவே இருக்குங்க!), ஆட்டி விட ஒரு நாற்காலி, சுவத்துல ஒட்ட யானை, ஒட்டகச்சிவிங்கி. இன்னொண்ணு கொழிஞ்சாம்பாறையில இருந்து எங்கம்மா போன்ல சொல்றது. தூரி கட்டப் பழைய நூல் சேலை ஆறு, கயிறு, வசம்பு, சாம்பிராணி, கண் மை, நடைவண்டி, கிலுகிலுப்பை. ரெண்டு லிஸ்ட்டையும் வாங்கி அடுக்கினா எங்க ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டுல குழந்தையை வைக்க இடம் இருக்காது.

ரெண்டு லிஸ்ட்டுக்கும் ஒரு ஒத்துமை உண்டு. ரெண்டுமே எங்க வீட்டைப் பார்க்காம எழுதினது. இன்னைக்கு நான் புலம்பப் போறது அதைப் பத்திதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நாங்க இருக்கறது ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ். நான் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. ரங்கமணி இடுக்கி ஜில்லா, மூணாறுல ஒரு டீ எஸ்டேட்டுல பிறந்தவர். 1956 நவம்பர் 1-ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ எங்க ரெண்டு பேர் ஊரும் கேரளாவுக்குப் போச்சு. வீட்டுல பேசறது மட்டும் தமிழாவே நின்னுடுச்சு. எங்க பக்கம் கொங்குத் தமிழ், பொள்ளாச்சிக்காரங்க பேசற அதே பேச்சு. அவங்க பக்கம் கோவில்பட்டி, சங்கரன்கோவில்ல இருந்து கொழுந்து எடுக்கப் போனவங்க பேச்சு. நான் தூரிங்கறதை அவர் தொட்டில்ங்கறார். சாமான் ஒண்ணுதான். ஒரு பழைய சேலை, மேல ஒரு உத்தரம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு முடிச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தூரி எப்படி வேலை செஞ்சது?

எங்க அம்மா சொல்ற தூரியில குழந்தை எப்பவுமே தனியா இருந்ததில்லை. கூடத்துல தூரி தொங்கும். அதுக்குக் கீழ பாட்டி பாயைப் போட்டுப் படுத்திருப்பாங்க. தூரியில கட்டின கயிறு அவங்க கால் கட்டைவிரல்ல இருக்கும். தூக்கத்துலகூட அந்தக் கால் ஆட்டிக்கிட்டே இருக்கும்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க. அடுப்படியில அம்மா, திண்ணையில தாத்தா, வாசல்ல சித்தி, பக்கத்து வீட்டுல இருந்து அப்பப்ப எட்டிப் பார்க்கிற ஒரு அக்கா. குழந்தை சிணுங்கினா நாலு பேர் காது கேட்கும். சிணுங்கலைன்னாலும் "என்ன ரொம்ப நேரமா சத்தத்தைக் காணோம்"னு ஒருத்தராவது சேலையை விலக்கிப் பார்ப்பாங்க.

இதே சேலைத் தொட்டிலைப் பத்தி எங்க அத்தைகிட்ட கேட்டா கதை வேற. அவங்க எஸ்டேட்டுல கொழுந்து எடுத்தவங்க. குடியிருந்தது லயத்துல. லயம்னா வரிசையா ஒட்டின வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால ஒரு வராந்தா. அதுல ஆறு பேர். "ஆசைக்கா கட்டுனோம்? தரையெல்லாம் ஈரம். எறும்பு ஏறும், மழைக்காலத்துல அட்டை வரும். கட்டில் போட எடம் ஏது? அதான் மேல தூக்கிக் கட்டுனோம்"னு பட்டுனு சொல்லிடுவாங்க. எங்க அம்மாவுக்குப் பாசமா தெரியற சாமான், எங்க அத்தைக்கு இடம் இல்லாத வீட்டோட அவசரத் தீர்வு. ரெண்டும் உண்மைதான்னு நான் நினைக்கிறேன்.

அத்தை வேலைக்குப் போறப்போ பிள்ளையை எஸ்டேட் கிரெச்சுல ஆயாகிட்ட விட்டுட்டுப் போவாங்க. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல வேலை செய்யற எஸ்டேட்டுல குழந்தைக் காப்பகம் இருக்கணும்னு சொன்னது. அங்கேயும் வரிசையா சேலைத் தொட்டில்தான். ஆனா அந்த வரிசையில நடந்துகிட்டே இருக்க ஒரு ஆயாவுக்குச் சம்பளம் குடுத்தாங்க பாருங்க, அதைக் கவனிக்கணும். தொட்டில் இருந்த இடத்துல எல்லாம் முழிச்சிருக்க ஒரு ஆள் இருந்தாங்க. கூடத்துல அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, எஸ்டேட்டுல இருந்தது.

இப்ப என் வீட்டுக்கு வாங்க. ராத்திரி மூணு மணி. ரங்கமணிக்குக் காலையில எட்டு மணிக்கு ஆணி. நான் பால் குடுத்துட்டு உட்கார்ந்தபடியே தூங்கறேன். அந்த வீட்டுல முழிச்சிருக்கறது ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான்.

கிரிப் யாருக்காக செஞ்சது?

கிரிப்பை நான் அதோட அழகுக்காகப் பாராட்டலைங்க. பார்க்கக் கோழிக்கூடு மாதிரிதான் இருக்கு. ஆனா பெரியவங்க எல்லாரும் தூங்கற வீட்டுக்குன்னே யோசிச்சுச் செஞ்ச சாமான் அது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காரணம் இருக்கு. கம்பிகளுக்கு நடுவுல இடைவெளி இரண்டரை அங்குலம்கூடக் கிடையாது, ஆறு சென்டிமீட்டர்தான். 1973-ல கொண்டுவந்த விதி. அதைவிட அகலமா இருந்தா குழந்தையோட உடம்பு வெளியே நழுவி, தலை மாட்டிக்கும். ஒரு பக்கக் கம்பியை மட்டும் கீழே இறக்கற மாதிரி ஒரு மாடல் ரொம்ப வருஷமா விற்பனையில இருந்தது. அந்தப் பக்கம் கழண்டு, இடுக்குல குழந்தைகள் மாட்டி இறந்ததுக்கு அப்புறம், 2011 ஜூன் 28-ல இருந்து அமெரிக்காவுல அதை விற்கக் கூடாதுன்னு தடை வந்துச்சு. சுத்தி வைக்கிற பஞ்சுத் திண்டுக்கு 2022-ல சட்டம் போட்டுத் தடை. குழந்தை அதுல முகத்தைப் புதைச்சுக்கிட்டா மூச்சு விட முடியாது.

மெத்தை கெட்டியா, சமமா இருக்கணும். இறுக்கமா ஒரு விரிப்பு போதும். தலையணை வேண்டாம், போர்வை வேண்டாம், பொம்மை வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கணும். இதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல சொன்னது, 1994-ல நாடு முழுக்கப் பிரச்சாரமா போச்சு. தூக்கத்துலயே காரணம் தெரியாம இறக்கிற குழந்தைகளோட எண்ணிக்கை அடுத்த சில வருஷத்துல பாதிக்கு மேல குறைஞ்சது. எந்தச் சாமானும் வாங்காம, படுக்க வைக்கிற முறையை மாத்தினதுல கிடைச்ச பலன் இது.

இந்த விதிகளோட வருஷத்தை எல்லாம் ஏன் சொல்றேன்னா, ஒவ்வொண்ணுக்கும் பின்னால குழந்தையைப் பறிகுடுத்த சில வீடுகள் இருக்கு. "அமெரிக்கா சாமான்னா நல்லாத்தான் இருக்கும்"னு நினைக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஃபிஷர் பிரைஸ் கம்பெனியோட 'ராக் அண்ட் ப்ளே'ன்னு ஒரு சாய்வுத் தொட்டில் 2009-ல இருந்து எல்லா வளைகாப்பு லிஸ்ட்டுலயும் இருந்தது. 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததுக்கு அப்புறம் 2019 ஏப்ரல்ல சுமார் 47 லட்சம் தொட்டிலைத் திரும்பக் கேட்டாங்க. எங்க பெரியவன் பிறந்த 2016-ல ஐகியா கம்பெனி 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்ப அழைச்சது. குழந்தை இழுப்பறையில கால் வெச்சு ஏறினா அலமாரி முன்னால சாயும். அப்படிச் சில உயிர்கள் போச்சு. பெரிய பேர், பளபளப்பு, விலை இது மூணும் ஒரு சாமானுக்குச் சாட்சி சொல்லாது.

அப்போ தூரி?

கட்டலைங்க. எங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் கட்டலை. மூணு காரணம்.

முதல் காரணம் கூரை. இங்கே அபார்ட்மென்ட் கூரைங்கறது ஜிப்சம் பலகை. அதுல கொக்கி அடிச்சா கொக்கியோட பலகையும் கீழே வரும். சில பேர் கதவு நிலையில உடற்பயிற்சிக் கம்பியை மாட்டி அதுல சேலையைக் கட்டறாங்க. அந்தக் கம்பி அழுத்தத்துல நிக்கிறது. ஆட்ட ஆட்ட நழுவும். டெஸ்டர்ங்கற முறையில சொல்றேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ரெண்டாவது, குழந்தை படுக்கிற வளைவு. சேலைக்குள்ள குழந்தை வில்லு மாதிரி சுருண்டு படுக்கும். ரொம்பச் சின்னக் குழந்தைக்குக் கழுத்து நிக்காது. தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சுக்குழாய் மடங்கும், அழக்கூட முடியாது. சாய்வுத் தொட்டிலுக்குச் சொல்ற ஆபத்து இதுக்கும் பொருந்தும். 10 டிகிரிக்கு மேல சாய்ஞ்ச படுக்கையைக் குழந்தை தூங்கறதுக்குன்னு விற்கக் கூடாதுன்னு அதே 2022 சட்டம் சொல்லுது. பக்கத்துல ஆள் இருந்தா நிமிர்த்தி விடுவாங்க. இல்லைன்னா?

மூணாவது பெரிய பிள்ளை. தொங்கற சேலையைப் பார்த்தா ஆறு வயசுப் பையன் அதை ஊஞ்சலாக்காம விடமாட்டான். முறுக்கி முறுக்கிச் சுத்தறப்போ கழுத்துல இறுகி இறந்த பிள்ளைகளைப் பத்தித் தமிழ்நாட்டுப் பேப்பர்ல செய்தி வந்துகிட்டேதான் இருக்கு. தம்பி தங்கைக்குக் கட்டின தூளியில அண்ணன் மாட்டிக்கிறதுதான் அதுல பாதிக் கதை. வீட்டுல யாரும் இல்லாத நேரம்ங்கறது எல்லாச் செய்தியிலயும் ஒரே மாதிரி வரும்.

ஸ்பிரிங் தொட்டில், ஸ்டாண்டு தொட்டில்னு இப்ப ஊர்லயும் கிடைக்குது. கூரைப் பிரச்னை தீரும், வளைவுப் பிரச்னை அப்படியேதான் இருக்கும். இங்கே 2016-ல 'ஸ்னூ'ன்னு ஒண்ணு வந்தது. குழந்தை அழுதா அதுவே தெரிஞ்சுக்கிட்டு ஆட்டும். புரண்டுடாம இருக்கக் குழந்தையை ஒரு பைக்குள்ள வெச்சு மெத்தையோட கொக்கி போட்டுடுவாங்க. புதுசு வாங்கினா 1,500 டாலருக்கு மேல. எனக்கு அதைப் பார்த்தா எங்க பாட்டியோட கட்டைவிரல் ஞாபகம் வருது. மோட்டார் வெச்சுச் செஞ்சிருக்காங்க! முடிஞ்சவங்க வாங்கிக்கலாம், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மல்லாக்கப் படுக்க ஒரு கெட்டி மெத்தையும் விதிப்படி செஞ்ச சாதாரண கிரிப்பும் அந்த விலையில பத்துல ஒரு பங்குக்குக் கிடைக்குது.

"நாங்கெல்லாம் வளரலையா?"

இதுதான் கஷ்டமான இடம். தூரி கட்டலைன்னு சொன்னதும் அம்மா போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏங்கண்ணு, அப்ப நான் உன்னைய வளத்துனது தப்புங்கறியா?"ன்னு கேட்டாங்க.

இந்தக் கேள்வி நம்ம எல்லார் வீட்டுலயும் வருது. ஒரு சாமானை வேண்டாம்னு சொன்னா, அதைக் குடுத்தவங்களையே வேண்டாம்னு சொன்ன மாதிரி அவங்க காதுல விழுது. கடல் தாண்டி இருக்கற பொண்ணுக்கு ஒரு அம்மா வேற என்னத்தைக் குடுக்க முடியும்? தனக்குத் தெரிஞ்சதைத்தானே குடுப்பாங்க. அதனால "அமெரிக்க டாக்டர் சொல்றார்"னு முகத்துல அடிச்ச மாதிரி பேசறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

அதுக்காக "நாங்கெல்லாம் வளரலையா"ங்கறதை ஒரு வாதமாவும் எடுத்துக்க முடியாது. உங்க பாட்டிகிட்ட எத்தனை பிள்ளை பெத்தீங்கன்னு கேளுங்க. அப்புறம் எத்தனை தங்குச்சுன்னும் கேளுங்க. நான் பிறந்த 1980-கள்ல இந்தியா முழுக்க ஆயிரம் குழந்தை பிறந்தா ஒரு வயசுக்குள்ள நூறு கிட்ட இறந்துகிட்டு இருந்தது. இன்னைக்கு நாம பேசறோம்னா, நாம அந்த மிச்சப் பேர்ல இருக்கோம்னு அர்த்தம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். "ஊர்ல ஒண்ணும் தெரியாது, இங்கேதான் எல்லாம்"னு நினைக்கிறவங்க கவனிங்க. 2023-க்கான மத்திய அரசுப் புள்ளிவிவரப்படி கேரளாவுல ஆயிரத்துக்கு 5 குழந்தைதான் ஒரு வயசுக்குள்ள இறக்குது. அமெரிக்காவுல அது ஐந்தரைக்கு மேல. பணக்கார நாட்டைவிட எங்க மாநிலம் ஒரு படி மேல நிக்குது. அதைச் செஞ்சது கிரிப்பும் இல்லை, தூரியும் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி, படிச்ச அம்மா, வீடு வீடா வர்ற நர்ஸம்மா, ஆஷா அக்கா.

அதே பாலக்காடு ஜில்லாவுல அட்டப்பாடி இருக்கு. 2013-ல அங்கே பழங்குடிக் குழந்தைகள் ஒண்ணு பின்னால ஒண்ணா இறந்தது தேசம் முழுக்கச் செய்தியாச்சு. காரணம் தேடிப் போனவங்க கண்டது அம்மாக்களோட ரத்தசோகை, சத்துக் குறைவு, எடை குறைஞ்ச பிறப்பு. ரங்கமணி ஊர்ப் பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த லயத்தையே மூடிடுச்சு. குழந்தைகளோட சேர்த்து 70 பேர். அதுல நாலு பேர் உடம்பு கடைசிவரைக்கும் கிடைக்கலை. அந்த வீடுகள்ல தொட்டில் எப்படிக் கட்டியிருந்தா என்ன? வீடு நின்ன இடம்தான் பிரச்னை. நர்சரிக்கு எந்த கலர் பெயின்ட்னு நாலு நாள் யோசிக்கறப்போ இதெல்லாம் நமக்கு ஒரு ஓரத்துல ஞாபகம் இருக்கணும்னு தோணுது.

சாமான் வாரியா என் தீர்ப்பு

1. தனி நர்சரி ரூம்: தேவையில்லை. குறைஞ்சது முதல் ஆறு மாசம் குழந்தை அப்பா அம்மா ரூம்லயே, ஆனா தனிப் படுக்கையில தூங்கணும்னு இங்கத்து டாக்டர்களே சொல்றாங்க. நம்ம ஊர்ப் பழக்கமும் அதுதானே. ஒட்டகச்சிவிங்கி ஒட்டின ரூம் வர்ற விருந்தாளிக்குக் காட்டத்தான் உதவும்.

2. முன்கூட்டியே வாங்கக் கூடாதுங்கற சாஸ்திரம்: பிறக்கறதுக்கு முன்னால தொட்டில் வாங்கினா கண்ணு பட்டுடும்னு எங்கம்மா. இங்கே கார் சீட் இல்லாம ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கிளம்ப முடியாது. கார் சீட்டும் கிரிப்பும் முன்னாடியே வாங்கியாச்சு, தொட்டில் போடற சடங்கை அம்மா வந்ததும் 28-ம் நாள் அந்த கிரிப்புலயே வெச்சுக்கிட்டோம். மாமன் சீர் தவறலை. எல்லாரும் சந்தோஷம்.

3. பழைய நூல் சேலை: ஆறு கேட்டாங்களே, பன்னெண்டா கொண்டுவரச் சொன்னேன். நூறு தடவை துவைச்ச துணி மாதிரி மெத்துனு எந்தக் கடையிலயும் கிடைக்காது. துடைக்க, தரையில விரிக்க, மடியில போட, வெயில்ல காய வைக்க. தொங்க விடறதைத் தவிர எல்லாத்துக்கும்.

4. நடைவண்டி: கண்டிப்பா வாங்கலாம். கல்பாத்தித் தேர்க்கடையில விக்கிற மூணு சக்கர மர வண்டி. குழந்தை தானா எழுந்து நின்னு, பிடிச்சுத் தள்ளி நடக்கும். இங்கே விக்கிற 'வாக்கர்' அப்படி இல்லை. குழந்தையை நடுவுல உட்கார வெச்சுக் காலால உந்தச் சொல்றது. கண்ணிமைக்கிறதுக்குள்ள படிக்கட்டுக்குப் போயிடும். கனடா 2004-லயே அதை விற்கவும் இறக்குமதி பண்ணவும் தடை போட்டுடுச்சு. வாக்கர்ல போட்டா சீக்கிரம் நடக்கும்ங்கறதும் உண்மை இல்லை.

5. பனையோலைக் கிலுகிலுப்பை: எங்க சித்தூர்ப் பக்கம் பனைக்குப் பஞ்சமே இல்லை. சத்தம் அருமையா இருக்கும். உள்ள இருக்கற கல்லு வெளிய வராத வரைக்கும் உங்க கையில வெச்சு ஆட்டிக் காட்டுங்க. ஒரு சோதனை சொல்றேன்: டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சற அட்டைக் குழாய்க்குள்ள எது நுழையுதோ, அது மூணு வயசுக்குக் கீழ குழந்தை கைக்குப் போகக் கூடாது. பூச்சு உதிர்ற பழைய மரச் செப்பும் வேண்டாம், பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம். இந்தியாவுல 2021-ல இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்க.

6. பவுடர்: வேண்டாம். குழந்தை அதை மூச்சுல இழுத்துக்கும்னு டாக்டர்கள் ரொம்ப நாளா சொல்றாங்க. ஜான்சன் அண்ட் ஜான்சனே டால்க் பேபி பவுடரை அமெரிக்காவுல 2020-லயும் உலகம் முழுக்க 2023-லயும் நிறுத்திடுச்சு. குளிப்பாட்டிப் பவுடர் அடிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்னு நினைக்கிறது நம்ம மூக்குக்கு இருக்கற பழக்கம்.

7. கண் மை: கடை மையில ஈயம் கலந்திருக்கலாம், அமெரிக்காவுல அதை அழகுசாதனமா விற்கவே அனுமதி இல்லை. வீட்டுல விளக்குக் கரியில செஞ்சதா இருந்தாலும் கண்ணுக்குள்ள விரல் போகறது நல்லதில்லை. திருஷ்டிக்கு உள்ளங்கால்ல ஒரு பொட்டு. எங்க ரெண்டு அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க.

8. வசம்பு: 'பிள்ளை வளர்ப்பான்'னு பேரே இருக்கு. ஆனா அதை உணவுல சேர்க்க அமெரிக்கா 1968-லயே தடை பண்ணிடுச்சு. எலிகள்ல புத்துநோய் வந்ததைப் பார்த்து. அரைச்சுக் குடுக்கவும் வேண்டாம், கையில வளையலா கட்டி அதைக் குழந்தை சப்பவும் வேண்டாம்.

9. சாம்பிராணி: புகை குழந்தை நுரையீரலுக்கு ஆகாது. ஆகும்னு அம்மா வாதாடினாங்க. தூபக்காலை எடுத்ததும் கூரையில இருந்த புகை அலாரம் அலறிச்சு பாருங்க, வாதம் அத்தோட முடிஞ்சது :)

10. அலமாரி: எந்தக் கம்பெனியா இருந்தாலும் சுவத்தோட பெல்ட் போட்டுக் கட்டுங்க. ஜிப்சம் பலகையில ஸ்குரூ அடிச்சா பிடிக்காது, உள்ள இருக்கற மரச் சட்டத்தைத் தேடி அதுல அடிக்கணும். வாடகை வீட்டு டெபாசிட்டுல ஓட்டைக்குப் பிடிச்சுக்குவாங்கன்னு தள்ளிப் போடாதீங்க. ஒரு டப்பா பட்டி போதும், அடைச்சுடலாம்.

11. பாய்: என் மனசுக்குப் பிடிச்சது இதுதான். முழிச்சிருக்கற நேரத்துல குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விட பாயைவிட நல்ல இடம் கிடையாது. விழ உயரமே இல்லை! பத்தமடைப் பாய்க்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குத் தெரியும். இடுக்கி மலையில ஊராளி, மன்னான், முதுவர் மக்கள் மூங்கிலைப் பட்டுப் போல சீவி முடையற கண்ணாடிப் பாய்க்கும் 2025-ல கிடைச்சிருக்கு. கண்ணாடி மாதிரி மினுங்கறதால அந்தப் பேரு. வாங்க முடிஞ்சா எங்க ஹால் சுவத்துல ஒண்ணு மாட்டணும்னு ஆசை. ஊர் ஞாபகம் சுவத்துல எவ்வளவு வேணா இருக்கட்டும், குழந்தை படுக்கைக்கு மேல மட்டும் எதையும் மாட்டாதீங்க.

மிச்சமான காசுக்கு என்ன பண்றது?

மேல இருக்கற லிஸ்ட்டுல வேண்டாம்னு விட்டதைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு விமான டிக்கெட் காசு வந்தது. சின்னவ 2024-ல பிறந்தப்போ அந்தக் காசுலதான் அம்மா வந்தாங்க. அஞ்சு மாசம் இருந்தாங்க. தூரி இல்லாத குறையைச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் குழந்தையை அவங்க பார்த்துக்கிட்டதால நான் தூங்கினேன். பேத்தியை மடியில வெச்சு ஆட்டித் தூங்க வெச்சு, அப்புறம் கிரிப்புல மல்லாக்கக் கிடத்தினாங்க. தூரி செஞ்ச வேலையில பெரும்பங்கை அவங்க உடம்பே செஞ்சுடுச்சு. அவங்க என்னை வளர்த்தது தப்பான்னு கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதான்: தப்பில்லைம்மா, அந்த வளர்ப்புல தூரியைவிட நீங்க பெருசு.

எல்லாருக்கும் இது வாய்க்காது. விசா கிடைக்காது, அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்லை. எங்க அத்தையால ரெண்டு தடவையும் வர முடியலை. அப்படி ஒரு வீட்டுல, யாரும் இல்லாம ரெண்டு பேர் மட்டும் ஒரு பச்சைக் குழந்தையோட முழிச்சுக்கிட்டு இருக்கறது எவ்வளவு பெரிய தனிமைன்னு பட்டவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு நாம என்ன பண்றோம்? சனிக்கிழமை சாயங்காலம் எட்டு பேரா போய், ஒரு பேட்டரி பொம்மையைக் குடுத்து, டீ குடிச்சுட்டு வந்துடறோம். அந்த டீயை யார் போட்டாங்கன்னு யோசிக்கிறதே இல்லை.

நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். உங்க அபார்ட்மென்ட்டுல ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்தா பொம்மை வேண்டாம். ஒரு டப்பா ரசம், ஒரு டப்பா பருப்பு எடுத்துக்கிட்டு, சளி காய்ச்சல் இல்லாத நாளாப் பார்த்து, ஒருத்தரா போங்க. "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டுக் குழந்தை பக்கத்துல கண்ணை முழிச்சுக்கிட்டு உட்காருங்க. போனைப் பார்க்காதீங்க.

கிளம்பறப்போ மறக்காம அந்த டயபர் குப்பையையும் எடுத்துட்டுப் போங்க, புண்ணியமா போகும் :)